காத்தாயி திரும்பிப் பார்த்தாள்

செந்தில்,

நீ அனுப்பிய படக்கதைப் புத்தகம் புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தியபோது நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு தொடக் கூடாதென்று முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினேன். 'காத்தாயி, மூன்றாம் இதழ்.' அட்டையில் கல்வராயன் மலை. அதற்கு மேலே, முந்தானை சிறகாக விரியப் பறக்கிற ஒரு பொம்பளை. ஓரத்தில் உன் பெயர். பக்கத்துக் கடை மரியம் அக்காவிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டினேன். நீ சின்ன வயதில் பாதி நாள் அவர் வீட்டில்தானே வளர்ந்தாய். "நம்ம செந்திலா வரைஞ்சது? இந்தப் பொம்பள மூக்கு உன் மூக்காட்டமே இருக்குது பாரு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது நான் உள்ளே பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் நீ போன் செய்து, "எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டாய். நல்லா இருக்குதுடா என்றேன். "அவ்ளோதானா?" என்றாய். கண் சரியாகத் தெரியவில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று தட்டிக் கழித்தேன். போன வருஷம்தான் புரை எடுத்தது உனக்குத் தெரியும். கண் நன்றாகவே தெரிகிறது. சொல்ல வேண்டியதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் நடுவில் அழுவேன். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் கிராம நர்ஸாக இருந்தவளுக்கு வேறு எது வராவிட்டாலும், நடந்ததை நடந்தபடி எழுத வரும்.

அதே போனில்தான் நீ கனடா போகிற செய்தியையும் சொன்னாய். அடுத்த மாதம் போய் ஒரு வருஷம் கழித்துத் திரும்புவதாக. நிவேதாவுக்கு இது ஏழாம் மாதம். பிரசவம் வரைக்குமாவது இருந்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. பெருமையாகத்தான் சொன்னாய்: "வேலைம்மா. நீ போகலையா? என்னை ஜுரத்தோட விட்டுட்டு நீ போனதாலதானே அந்தப் பொண்ணு பொழைச்சுது? அதைப் பாத்து வளந்தவன் நான். நிவேதாகிட்டயும் அந்தக் கதையைத்தான் சொன்னேன். அவளும் ஒத்துக்கிட்டா." போனை வைத்த பிறகுதான் உன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

நீ நன்றாக வரைகிறாய். மலைப் பாதையின் வளைவுகளை நான் ஆயிரம் தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். மேலே பறக்கிறவளின் கண்ணுக்கு அவை அவிழ்ந்து கிடக்கிற தலைமுடி மாதிரி தெரியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காத்தாயி காற்றாகப் போகிறாள், தீப்பிடித்த குடிசையை அணைக்கிறாள், ஓடையில் அடித்துப் போகிற ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறாள். சின்னப் பிள்ளை மாதிரி வாய் பிளந்து பார்த்தேன். பதினோராம் பக்கம் திருப்பினேன். பாயில் ஒரு பையன் ஜுரத்தில் கிடக்கிறான். நெற்றியில் ஈரத்துணி. காத்தாயி ஜன்னலில் கால் வைத்து நிற்கிறாள். பையன் "போவாதம்மா" என்கிறான். அடுத்த கட்டத்தில் ஜன்னல் காலி. அதற்கடுத்த கட்டத்தில் அவள் முதுகு மட்டும், தூரத்தில். பக்கம் புரட்டினால் மலையில் பிள்ளை பெறுகிற ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிடுகிறாள். அந்தப் பெண் குழந்தையை ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் காத்தாயிக்கு வயதாகிவிடுகிறது. முடி நரைத்து, மூச்சு வாங்க, தன் முந்தானையைக் கழற்றி வளர்ந்த மகனின் தோளில் போர்த்துகிறாள். மகன் சொல்கிறான்: "அம்மா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நானும் பார்க்கமாட்டேன்."

இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்காகத்தான், செந்தில்.

உனக்கு ஒன்பது வயது அப்போது. வெள்ளிமலைக்கும் உள்ளே, ரோடு முடிந்து நடக்கிற இடத்தில்தான் எனக்கு வேலை. அங்கேயே ஒரு அறையும் கொடுத்திருந்தார்கள். வாரம் முழுக்க மேலே இருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் கச்சிராயபாளையம் வருவேன், திங்கள் காலை முதல் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன். உன் அப்பா கரும்பு ஆலையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே உனக்குச் சோறாக்கிப் போட்டு, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பினார். நான் சனிக்கிழமை வந்ததும் என்ன செய்வேன் என்று ஞாபகம் இருக்கிறதா? உன்னைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன்னால் உன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன், ரத்தம் இருக்கிறதா என்று. நகத்தைப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன். ஒருநாள் நீ கையைத் தட்டிவிட்டு, "நான் இன்னா பேஷன்ட்டாம்மா?" என்று கேட்டாய். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் அதையேதான் செய்தேன். ஆறு நாள் பிரிந்திருந்த பிள்ளையை எப்படித் தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த விதத்தில் தொட்டேன். உன்னிடம் இதற்காக நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வருஷம் மலையில் பூங்காவனம் என்று ஒரு பெண் எனக்குப் பழக்கம். இருபது வயது இருக்கும். தலைச்சன் பிள்ளை. ரத்தம் கம்மி. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "சாப்புடறேன் நர்ஸம்மா" என்பாள். அடுத்த வாரம் அதே மாத்திரை அதே இடுப்பில் இருக்கும். ஒரு வாரம் முன்னாலேயே கீழே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அவள் புருஷன் சடையன் சாமை அறுப்பை விட்டுவிட்டு வர முடியாது. அவள் தனியாகப் போகப் பயந்தாள். "நீங்க இருக்கீங்க இல்ல, அப்புறம் இன்னா பயம்?" என்றாள். அந்த வார்த்தையில் நான் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்னை நம்பி ஒருத்தி இருக்கிறாள் என்பதில் ஒரு ருசி இருந்தது. சனிக்கிழமை கிளம்பும்போது அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு நாள் ஆகும், திங்கக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நான் இங்கே இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஜுரம் வந்தது. திங்கள் விடியும்போது உடம்பு அனலாகக் கொதித்தது. அப்பா காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நான் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மரியம் அக்கா ஓடி வந்தார். அப்போது நம் தெருவுக்கே அவர் கடையில்தான் போன். "வெள்ளிமலைலேர்ந்து போன் வந்துச்சும்மா. பூங்காவனமாம், விடியக்கால்லேயே வலி எடுத்துக்கினு இருக்குதாம். ஒன்ன ஒடனே வரச் சொன்னாங்க. நீ போ, புள்ளைய நான் பாத்துக்கறேன்." நீ கண்ணைத் திறந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாய். "போவாதம்மா." உன் புத்தகத்தில் இருக்கிற அதே வார்த்தை. நான் உன் விரல்களைப் பிரித்துவிட்டு, வந்துடுவேன்டா என்று சொல்லி வாசல் தாண்டினேன். உனக்குத் தெரிந்தது அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு உனக்கு நினைவு தப்பிவிட்டது. நீ தூங்கிப்போனாய் என்று நினைத்திருப்பாய்.

நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்து, "ஏறுங்க சிஸ்டர்" என்றார். படியில் கால் வைத்தேன். உள்ளே யாரோ ஒரு குழந்தை அழுதது. என்ன ஆயிற்றென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. காலை எடுத்துவிட்டேன். "அடுத்த பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுக்கு ஓடினேன். அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நீ வலிப்பு வருகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தாய். மரியம் அக்காவும் நானும் உன் சட்டையைக் கழற்றிப்போட்டு உன்னைத் தண்ணீரால் துடைத்தோம், மருந்து புகட்டினோம். நீ என் மடியில் கிடந்தாய். வெந்துபோன வாயால் என்னென்னவோ பேசினாய், பாதி புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் உன் கண்ணை இழுத்துப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்க்கவில்லை. சும்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பெற்ற பிறகு அப்படி எந்த வேலையும் இல்லாமல் உன்னை வைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். நான் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த இரண்டு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை, நல்ல அழுகை. பூங்காவனத்துக்கு ரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து, பாய்க்குக் கீழே மண் தரையும் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா" என்று சிரித்தாள். ரத்தத்தை நிறுத்துகிற ஊசி மருந்து என் பையில்தான் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் நம் வீட்டு ஆணியில் தொங்கிய பை. போட்டேன். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை, அவ்வளவு வற்றிப்போயிருந்தாள். கம்பளியைக் கம்பில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்துக்கு ஓடினார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். ஜீப்புக்கு இன்னும் பாதி வழி இருந்தது. கை என் கையிலேயே குளிர்ந்துபோயிற்று. "எறக்குங்க" என்றேன். சடையன் இறக்கவில்லை. "நீங்க வாங்க நர்ஸம்மா, நீங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஜீப் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "பஸ் லேட்டுங்க." அது முதல் பொய். புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கீழே வந்தேன். நீ உடம்பு தேறி, எழுந்து உட்கார்ந்து, ரொட்டி நனைத்துத் தின்றுகொண்டிருந்தாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாய்: "அந்தக்கா பொழைச்சிக்கிச்சா?" நான் "பொழைச்சிக்கிச்சுடா" என்றேன். நீ ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப பரவால்ல" என்று சொல்லி என் பக்கம் திரும்பினாய். அது இரண்டாவது பொய். அடுத்த சனிக்கிழமை வந்தபோது கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் சேலை பறக்க ஒரு பொம்பளையை வரைந்து வைத்திருந்தாய். அவளுக்குக் காத்தாயி என்று பெயரும் வைத்திருந்தாய்.

உன் அப்பாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் ஆரம்பித்தபோதெல்லாம் அவர்தான் தடுத்தார். "ஒம்போது வயசுப் புள்ள. எனக்காக எங்கம்மா நின்னதால ஒருத்தி செத்துட்டான்னு அவன் ஆயுசுக்கும் நெனைச்சிக்கினு இருக்கணுமா? வேணாம். ஒன்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறான்." அவர் சொன்னது அன்றைக்குச் சரி. நீ கல்லூரி போனாய், வேலைக்குப் போனாய், கல்யாணம் ஆயிற்று. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் கொஞ்சம் பெரியவனாகட்டும் என்று தள்ளிப்போட்டேன். நீ என்மேல் கோபமாக இருந்தால்கூட ஒருநாள் சொல்லியிருப்பேன். நீ மெள்ள மெள்ளப் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டாய். பெருமைப்படுகிற பிள்ளையிடம் சொல்வது கஷ்டம்.

அந்தப் பெண்ணை நான் முதல் பஸ்ஸில் போயிருந்தால் காப்பாற்றியிருப்பேனா என்று நீ கேட்பாய். தெரியாது. பின்னால் ஒரு டாக்டரம்மாவிடம் யாருக்கோ நடந்த மாதிரிக் கேட்டேன். "சொல்ல முடியாது சிஸ்டர். பொழைச்சும் இருக்கலாம்" என்றார். இத்தனை வருஷமாக அந்த 'லாம்' என் கூடவே இருக்கிறது. அது என்னுடையது. அதில் ஒரு துரும்புகூட உன்னுடையது இல்லை. நீ ஜுரத்தில் கிடந்த குழந்தை, அம்மாவைக் கூப்பிட்டாய். உலகத்தில் எந்தக் குழந்தையும் செய்கிற காரியம். படியில் வைத்த காலை எடுத்தது நான். இதை எனக்காக நீ நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவுக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். அந்த வேலைக்கு நீ எவ்வளவு காத்திருந்தாய் என்று தெரியும். நிவேதாவும் நீயும் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. ஆனால் போவதென்றால் என்னைப் பார்த்துப் போகாதே. நான் அப்படிப்பட்டவள் இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கடமைக்குப் போகிற ஒருத்தியை நீ வரைந்திருக்கிறாய். அப்படி யாரும் நம் வீட்டில் இருந்ததில்லை. நிவேதாவிடம் நீ சொன்ன கதையைத் திருத்திச் சொல். அவள் ஒத்துக்கொண்டது என்னை நினைத்துத்தான் என்றால், அந்தப் பாரத்தை என்னால் தாங்க முடியாது. ஆயிரம் பிரசவம் பார்த்தவள் சொல்கிறேன்: வலி எடுக்கிற நேரத்தில் பொம்பளைகள் பெரிய வீரர்களைத் தேடுவதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். நீ போனாலும் இருந்தாலும் நான் பெங்களூரில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆனால் நான் நீ ஆகமாட்டேன்.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு முன்னால் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை உன் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை போனேன். ரிடையர் ஆன பிறகு போகவே இல்லை. இப்போது அந்த ஊர் வரைக்கும் ரோடு போட்டிருக்கிறார்கள். ஷேர் ஜீப் வாசலிலேயே இறக்கிவிட்டது. சடையன் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறந்த குழந்தை செல்வி வளர்ந்து, கல்யாணமாகி, தையல் மிஷினும் கையுமாக அங்கேயே பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு முதல் தடுப்பூசியிலிருந்து எல்லா ஊசியும் போட்டவள் நான்தான். மாதாமாதம் எடை போடும்போது அவள் அப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சடையன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு பஸ் லேட்டில்ல. மொத பஸ்ஸு கரெக்டா வந்துச்சு. என் புள்ளைக்கு ஜுரம். நான்தான் ஏறல. ரெண்டு மணி நேரம் வூட்டுல இருந்துட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்தேன்" என்றேன். தையல் மிஷின் சத்தம் நின்றது. சடையன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய், கட்டியிருந்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அது குடித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ரெண்டு மணி நேரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், எழுந்து போ என்பார் என்று நினைத்தேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "புள்ளைக்கு ஜொரம் வுட்டுதா?" என்று கேட்டார்.

"வுட்டுச்சுங்க."

"சரி" என்றார்.

அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று உனக்கு எழுத எனக்கு ஆசை. அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பிறகு உன் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்குப் படிக்க வராது. செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னாள். குழந்தையோடு சிரிக்கிற பெண்ணின் படம் வந்ததும் சடையன் தாளின் மேல் விரலை வைத்தார். "இது யாரு?" "இதான்பா அம்மாவாம்." அவர் புத்தகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "இது அவ இல்ல" என்றார். "பேரு இன்னா போட்டுக்கினு இருக்குது?" செல்வி தேடிப் பார்த்துவிட்டு, "பேரு இல்லப்பா. 'மலைப்பெண்'ணுன்னு இருக்குது" என்றாள். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, செந்தில். உன்னிடம் அவள் பெயரையே நான் சொன்னதில்லையே.

அப்போதுதான் செல்வி கேட்டாள், "எங்கம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல, நர்ஸம்மா. ஒங்க ஆபீஸ்ல எதுனா இருக்குமா?" இல்லை. கார்டில் பெயர், வயது, எடை, ரத்த அளவுதான் எழுதி வைத்தோம். போட்டோ யார் எடுத்தார்கள்? சடையன் என்னிடம், "ஒங்க புள்ள நல்லாத்தான் வரையறாரு. நான் சொன்னா அவ மூஞ்சிய வரைவாரா? எனக்கே இப்ப கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கினு வருதுங்க" என்றார். சொல்லுங்க என்றேன். புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு; சின்ன வயதில் கடுக்காய் பொறுக்கப் போய் விழுந்ததாம். சிரித்தால் வாயைப் புறங்கையால் மூடிக்கொள்வாளாம். அதை நானும் பார்த்திருக்கிறேன், மறந்தே போயிருந்தேன். கண் எப்படி என்றால் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. "கண்ணு... கண்ணுதான்" என்றார்.

ஒரு நாள் வா. கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள். நீயும் நிவேதாவும் இங்கே வந்தால் அவள் மரியம் அக்காவோடு இருக்கட்டும், நாம் இருவரும் மேலே போவோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வரை. தப்பாக வந்தால் அழித்து மறுபடி வரை. உனக்கு அது பழக்கம்தானே. கீழே அவள் பெயரை எழுது.

நான் கிளம்பும்போது செல்வி வாசல் வரைக்கும் வந்தாள். தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டாள்: "எங்கம்மா எவ்ளோ ஒசரம்ப்பா? நீ சொன்னதே இல்லியே." சடையன் எழுந்து நின்று, யோசித்து, உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து, தன் தோளுக்குக் கொஞ்சம் கீழே காற்றில் நிறுத்தினார். இன்னும் ஒரு விரற்கடை இறக்கினார். "இம்புட்டு" என்றார். செல்வி போய் அந்தக் கையின் கீழே நின்றாள்.

எந்தக் கிழமை வருகிறாய் என்று மட்டும் சொல்.

உன் அம்மா